வேடந்தாங்கலுக்கு எப்போ போகலாம்?

டிசம்பர் நெருங்கினாலே நமக்கு வர்ற மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான்: "குழந்தைகளோட வேடந்தாங்கல் போகலாமா, இப்போ பறவை இருக்குமா?" ஒரு நேயர் கொஞ்சம் கோபமாவே எழுதியிருந்தார். கோடை லீவில் குடும்பத்தோட காரில் போயிருக்கார். ஏரியில் தண்ணி இல்லை, மரங்கள் மட்டும் நிக்குது. "சரணாலயம்னு போர்டு இருக்கு, பறவை எங்கே சார்?" நியாயமான கேள்வி. ஆனா பதில் சொல்லணும்னா, வேடந்தாங்கல் என்ன மாதிரி இடம்னு முதலில் பேசணும்.

அது ஜூ கிடையாது. காடும் கிடையாது. செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கத்தில் இருக்கிற ஒரு ஊரோட பாசன ஏரி. சுமார் 30 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 74. பேரிலேயே விஷயம் இருக்கு. நம்ம தொண்டை மண்டலத்தில் சின்ன ஏரிக்குத் 'தாங்கல்'னு பேர். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல்னு பஸ் போர்டில் தினம் பார்க்கிறோமே, அதே தாங்கல்தான். சென்னையில் பேர் மட்டும் மிச்சம் இருக்கு. இங்கே ஏரியும் மிச்சம் இருக்கு. அதுவும் வேடன் பேரில்!

ஏரின்னா மழை பெய்யணும். வடகிழக்குப் பருவமழை பிடிச்சு, மேலே வளையபுத்தூர் ஏரியிலிருந்தும் கால்வாய் வழியா தண்ணி வந்து சேர்ந்தா, ஏரிக்குள்ளே நிக்கிற நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு தண்ணியில் நிக்கும். பறவைக்கு வேண்டியது அதுதான். சுத்தி தண்ணி இருந்தா, பூனையோ நாயோ மரத்துக்கிட்ட வர முடியாது. அதனால கூடு பத்திரம். தண்ணி இல்லாத வருஷம் பறவைகள் வேற ஏரி பார்த்துப் போயிடும். ஆக, கேலண்டரைப் பார்த்துக் கிளம்பாதீங்க, மழையைப் பார்த்துக் கிளம்புங்க. பொதுவா நவம்பரில் வரத்து ஆரம்பிக்கும். டிசம்பரில் கூட்டம் சேரும். என்னைக் கேட்டா ஜனவரி கடைசி, பிப்ரவரிதான் குழந்தைகளோட போக நல்ல நேரம். அப்போதான் கூட்டில் குஞ்சுகள் இருக்கும். ஏப்ரலுக்கு மேல பெரும்பாலும் காலி. நம்ம நேயர் போனது அதுக்கும் பிறகு.

அடுத்து ஒரு விஷயம். "எல்லாம் சைபீரியாவிலிருந்து வருது"ன்னு கரையில் யாராவது தன் குழந்தைக்குச் சொல்லிட்டிருப்பாங்க. பாதிதான் சரி. ஊசிவால் வாத்து மாதிரி சில வாத்துகள் நிஜமாவே ரொம்பத் தூரத்திலிருந்து குளிர்காலத்துக்கு வர்றவை. ஆனா அவை இங்கே கூடு கட்டுறதில்லை. மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கிற கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, பாம்புத்தாரா, வக்கா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம்ம பக்கத்துப் பறவைகள்தான். வெளிநாட்டு விருந்தாளின்னு சொன்னால்தான் மதிப்புன்னு நாம நினைக்கிறோமோ என்னவோ!

நத்தைகுத்தி நாரையைக் கொஞ்சம் நின்னு பாருங்க. அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், பாக்குவெட்டி மாதிரி. நத்தையைப் பிடிச்சு உள்ளே இருக்கிற சதையை எடுக்கிற வேலைக்கான அலகு அது. குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பசங்க கையில் பைனாகுலரைக் கொடுத்து "எது அம்மா, எது பாப்பா, அலகை வெச்சு சொல்லு"ன்னு கேட்டுப் பாருங்க. அரை மணி நேரம் போறதே தெரியாது. பாம்புத்தாரா இன்னொரு வேடிக்கை. உடம்பு முழுக்க தண்ணிக்குள்ளே, கழுத்து மட்டும் வெளியே. பாம்புன்னுதான் முதலில் தோணும். அப்புறம் மரத்தில் உட்கார்ந்து ரெண்டு சிறகையும் விரிச்சுக் காய வைக்கும்.

சரி, இவ்வளவு சின்ன ஏரியில் இத்தனை ஆயிரம் பறவைக்கும் சாப்பாடு எங்கிருந்து வருது? இந்த எபிசோடில் நான் முக்கியமா சொல்ல நினைச்சது இதைத்தான். சாப்பாடு பெரும்பாலும் அந்த ஏரியில் இல்லை. வேடந்தாங்கல் பறவைகளுக்குப் பிரசவ வார்டு, அவ்வளவுதான். சமையல்கட்டு வெளியே இருக்கு. நத்தை, சுத்தி இருக்கிற நெல் வயலில். மீன், அக்கம்பக்கத்து ஏரிகளில். காலையில் கிளம்பிப் போய், இரை எடுத்துட்டு வந்து குஞ்சுக்கு ஊட்டுதுங்க. அந்த வயலும் அந்த ஏரிகளும் போயிட்டா, இந்த 74 ஏக்கருக்கு எவ்வளவு உயரமா வேலி போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

அதனால்தான் 1998-ல் ஏரியை மட்டும் இல்லாமல், சுத்தி ஐந்து கிலோமீட்டரையும் சேர்த்து சரணாலயமா அறிவிச்சாங்க. அதுக்குள்ளே ஊர், வயல், ஏரி எல்லாம் வரும். 2020-ல் இந்த ஐந்தை மூன்றாக்கலாம்னு ஒரு யோசனை வந்தது. "பறவை ஏரியில்தானே இருக்கு, வெளியே எதுக்கு இவ்வளவு இடம்?"னு கேட்டா மேலோட்டமா சரியாத்தான் தோணும். ஆனா மாலையில் ஒரு தடவை கரையில் நின்னு, பறவைகள் எந்தெந்தத் திசையிலிருந்து திரும்புதுன்னு பார்த்தவங்க அப்படிக் கேட்க மாட்டாங்க. கடுமையான எதிர்ப்பு கிளம்பி, அந்த யோசனை கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ஊர்க்காரங்க பங்கையும் சொல்லணும். பறவை எச்சம் ஏரித் தண்ணியில் கலந்து, அதுவே வயலுக்கு உரமாப் போகுது. இதை எந்த விஞ்ஞானியும் வந்து சொல்றதுக்கு முன்னாடியே அங்குள்ள விவசாயிகள் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. கும்பினி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதும், ஊரே கலெக்டரிடம் போய் முறையிட்டதாச் சொல்வாங்க. 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அவங்க ஒரு கவுல் வாங்கினாங்க, அதாவது எழுத்துப்பூர்வமான உரிமைச் சீட்டு. 1858-ல் அதைப் புதுப்பிச்சும் வாங்கினாங்க. வனத்துறைன்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே நடந்த வேலை இது.

இப்போ போற வழி. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்ரோட்டில் வலது பக்கம் திரும்பணும். காலை ஆறு மணிக்குத் திறப்பாங்க, மாலை ஆறு மணிக்கு மூடிடுவாங்க. மத்தியானம் போகாதீங்க. வெயிலில் நீங்களும் வாடுவீங்க, பெரிய பறவைகள் பாதி இரை தேடப் போயிருக்கும். விடிஞ்ச உடனே போங்க, இல்லைன்னா மூணரை, நாலு மணிக்கு. ஏரிக்கரை மேலேயே நடைபாதை இருக்கு, சமதளம்தான். தாத்தா பாட்டியும் மெதுவா நடக்கலாம். காட்சி கோபுரத்தில் ஞாயித்துக்கிழமை கூட்டம் நெரியும். வார நாளில் போக முடிஞ்சா அதுதான் சொர்க்கம்.

ப்ளூடூத் ஸ்பீக்கரை வண்டியிலேயே வெச்சிடுங்க. ட்ரோன் பேச்சே வேண்டாம். கல் எறிஞ்சு பறக்கவிட்டு வீடியோ எடுக்கிற ஆசாமிகளும் இருக்காங்க. தாய்ப்பறவை பதறி எழுந்தா, கூட்டில் முட்டையும் குஞ்சும் தனியாக் கிடக்கும். காக்கா காத்துட்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே சின்னக் குஞ்சு தாங்காது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்கிறதில்லை. நம்மகிட்ட கேட்கிறது ரெண்டு மணி நேர அமைதி.

திரும்பி வரும்போது நேரம் இருந்தா, பக்கத்தில் சுமார் பத்து கிலோமீட்டரில் கரிக்கிளி இருக்கு. அதுவும் சரணாலயம்தான், இதைவிடப் பெரிசு, கூட்டம் ரொம்பக் கம்மி. வாத்து பார்க்கணும்னா அங்கே போங்க. நடுவில் வர்ற வயல்களில் வண்டியை ஓரம் கட்டிப் பாருங்க. சேத்தில் நின்னு நத்தை தேடுறது, காலையில் நீங்க கூட்டில் பார்த்த அதே நாரையாக்கூட இருக்கலாம். போயிட்டு வந்தவங்க என்ன பார்த்தீங்க, ஏரியில் தண்ணி எவ்வளவு இருந்ததுன்னு நமக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த வாரம் கிளம்புறவங்களுக்கு உதவும்.