யுத்தத்தை மாணவர்கள் அறிவது எப்படி?



யுத்தம் என்றால் என்ன என்பதைக் காலேஜ் மாணவர்களுக்குச் சித்திரம், நாடகம், சினிமா முதலிய கலைகளைக் கொண்டு விளக்க முடியுமா என்பதைப்பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். முடியும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால், எந்தக் கலை, யாருக்காகச் செய்த கலை என்று கேட்காமல், கலை என்றவுடனே கைதட்டிவிடுவது ஆபத்து.

சரித்திரப் புத்தகத்தில் என்ன படிக்கிறீர்கள்? 1914-ல் ஓர் இளவரசனைச் சுட்டார்கள், 1918-ல் சண்டை நின்றது, சிப்பாய்கள் மாத்திரம் சுமார் 90 லட்சம் பேர் செத்தார்கள் என்று படிக்கிறீர்கள். பரீட்சையில் எழுதினால் மார்க்கும் கிடைக்கிறது. எழுதுகிற கை கொஞ்சமாவது நடுங்குகிறதா? நடுங்காது. ஏனெனில், அது உங்களுக்கு வெறும் கணக்கு.

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்று ஓர் அம்மையார் இருந்தார். சித்திரம் வரைகிறவர், பெர்லினில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு டாக்டரின் மனைவி. 1914-ல் அவருடைய இளைய மகன் பீட்டர் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டான். வயது 18. தகப்பனார் சம்மதம் வேண்டியிருந்தது. தகப்பனாரோ கூடாது என்றார். மகனுக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் இந்த அம்மையாரேதான். அக்டோபர் மாதமே பெல்ஜியத்தில் பையன் செத்தான்.

அதற்குப் பிறகு அவர் மரத்தில் செதுக்கி அச்சடித்த ஏழு படங்கள் "யுத்தம்" என்ற பெயரில் 1923-ல் வெளிவந்தன. அவற்றில் பீரங்கி இல்லை, வெற்றி இல்லை. தாயும், விதவையும், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நிற்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஒரு படத்தில் மாத்திரம் உங்கள் வயதுப் பையன்கள். சாவு தம்பட்டம் அடித்துக்கொண்டு முன்னே போகிறது; இவர்கள் பின்னே போகிறார்கள். தாங்களாக வந்து சேர்ந்தவர்கள் என்பதுதான் அந்தப் படத்தின் பெயரே.

அந்தத் தம்பட்டம் எது? ஜெர்மன் சிப்பாயின் இடுப்புவார்ப் பூட்டிலே "கடவுள் நம்மோடு" என்று பொறித்திருந்தது. எதிரில் நின்ற இங்கிலீஷ் சிப்பாய்க்கும் அதே கடவுள்தான். ஒரே கடவுள் இரண்டு பக்கமும் எப்படி நின்றாரோ, அது பாதிரிமார்களுக்கே வெளிச்சம்! கலையும் தம்பட்டம் அடிக்காமலில்லை. 1914-ல் இங்கிலாந்தில் மந்திரி கிச்சனர் விரலை நீட்டி வாலிபர்களை அழைக்கும் படத்தை வரைந்தவரும் ஒரு சித்திரக்காரர்தானே?

படித்தவன் ஏமாறமாட்டான் என்பீர்கள். ரிமார்க் என்பவர், சண்டைக்குப் போன பள்ளிக்கூடப் பையன்களைப்பற்றி எழுதிய நாவல் 1929-ல் புத்தகமாக வந்தது. 1930-ல் அது சினிமாவாகப் பெர்லினுக்கு வந்தபோது, நாஜிகள் கொட்டகைக்குள் எலிகளை விட்டுக் கலகம் செய்தார்கள். சர்க்கார் கலகக்காரரை விட்டுவிட்டுப் படத்தைத் தடுத்தது! 1933 மே 10-ந் தேதி அந்தப் புத்தகத்தை நெருப்பில் போட முன்னின்றவர்கள் யார்? எழுத்து வாசனை அறியாதவர்களா? காலேஜ் மாணவர்கள்! அதே வருஷம் கோல்விட்ஸ் அம்மையாரையும் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். பீட்டர் என்றே பெயர் வைத்த பேரன் 1942-ல் ருஷ்யப் போர்முனையில் மாண்டான்.

ஆதலால், உங்கள் காலேஜில் கிச்சனர் படத்தையும் இந்த அம்மையார் படத்தையும் ஒரே சுவரில் மாட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவதானால், சேனாதிபதி வேஷத்துக்குச் சண்டை போட்டுக்கொள்ளாமல், சம்மதம் கொடுத்த தகப்பன் வேஷத்தையும் அதை வாங்கிக் கொடுத்த தாய் வேஷத்தையும் ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுப் பாருங்கள். ஏழு படங்களின் நகல்களையும் இந்த மேஜைமேல் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து பார்க்கலாம்.