சிபில் குறைந்தவர் கார் வாங்கப் போனால்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் பார்க்கிங் பிரச்னையைப் பேசும்போது, "சிபில் போனவனுக்குக் கார் எங்கே, பார்க்கிங் எங்கே" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. அந்தச் சிபில் போனவனில் நானும் ஒருவனாக இருந்தேன். அதனால்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

என் வீட்டுக்காரம்மாவை மாதம் ஒரு முறை மதுரைக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர் வந்து, தேனி போய், அங்கிருந்து மதுரை பஸ். போகும்போது எப்படியோ சமாளித்துவிடுவார். திரும்பி வரும்போது உட்காரவே முடியாது. வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. 2024-இல் சின்னதாக ஒரு கார் வாங்கலாம் என்று வங்கிக்குப் போனேன். என் பென்ஷன் வரும் வங்கிதான். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், ஸ்கோர் 611 காட்டுது" என்றார்.

நான் ஒரு ரூபாய் கடன் பாக்கி வைத்தவனில்லை. ஆனால் 2018-இல் என் சித்தப்பா மகன் லோடு ஆட்டோ வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். பொது முடக்கத்தில் ஓட்டம் இல்லாமல் தவணை நின்று, பிறகு ஏதோ பேசி ஒரு தொகை கட்டி முடித்துவிட்டான். "முடிஞ்சிருச்சுண்ணே" என்றான், நானும் நம்பினேன். ஜாமீன் போட்ட கடனும் நம் அறிக்கையில் ஏறும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஸ்கோர் 300-இலிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகளில் பேச்சு சுலபமாக இருக்கும். குறைந்தால் இரண்டு பக்கமிருந்து ஆட்கள் வருவார்கள். என்னிடமும் வந்தார்கள்.

முதலில் ஒரு புரோக்கர். "சிபிலே வேண்டாம் சார், ஒரு ரூபாய் வட்டிதான்" என்றார். நம் ஊரில் ஒரு ரூபாய் வட்டி என்றால் யாரும் பயப்பட மாட்டோம். பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 லட்சம், 5 வருடம், வருடத்துக்கு 12 சதவீதம். குறையும் அசலுக்கு வட்டி போட்டால் மாதத் தவணை 11,122 ரூபாய். அவர் சொன்னது ஃபிளாட் வட்டி. அதாவது பாதி அசலைக் கட்டிய பிறகும் முழு 5 லட்சத்துக்கே வட்டி. அதில் தவணை 13,333. ஐந்து வருடத்தில் 1,32,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். உண்மையான வட்டி 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ, 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதில் 'ஏ.பி.ஆர்.' என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். அதுதான் நிஜ வட்டி. அந்தத் தாளைக் கேட்டேன். புரோக்கர் அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை.

இரண்டாவது ஆள் சொன்னது இன்னும் இனிப்பு. "லீஸுக்கு எடுத்துக்கங்க. ரெண்டு லட்சம் கொடுங்க, வட்டியும் இல்ல வாடகையும் இல்ல. பணம் திரும்பத் தரும்போது வண்டியைக் கொடுத்துருங்க." வீட்டு ஒத்தி மாதிரி! பெரிய நகரங்களில் கம்பெனிகள் கொடுக்கும் கார் லீஸ் வேறு. அங்கே மாத வாடகை, எழுத்து ஒப்பந்தம் எல்லாம் உண்டு. அவர்களும் நம் கடன் வரலாற்றைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். இந்த ஒத்திக் காரின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பெயரில் ஹைப்பாதிகேஷன் இருந்தது. அந்த ஆள் தவணை கட்டாவிட்டால் வண்டியை என் வாசலிலிருந்து தூக்கிப் போவார்கள். என் இரண்டு லட்சத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. வாடகைக்கு எடுத்த அடுத்தவர் காரை இப்படி அடகு வைத்து ஏமாற்றிய வழக்குகளைப் பேப்பரில் நீங்களே படித்திருப்பீர்கள்.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: அறிக்கையை எடுத்துப் படித்தேன். சிபில் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, நம் நாட்டில் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. ஒரே வாரத்தில் நாலு கம்பெனியில் கடன் கேட்டால்தான் குறையும்.

என் அறிக்கையில் அந்த லோடு ஆட்டோ கடன் 'குளோஸ்டு' என்று இல்லை, 'செட்டில்டு' என்று இருந்தது. தம்பி பேசி முடித்தபோது கம்பெனி 38,000 ரூபாயைத் தள்ளுபடி செய்திருக்கிறது. கடன் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். முழுசாகக் கட்டவில்லை என்று அறிக்கை சொல்கிறது. தம்பி இப்போது கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். அவனிடம் இதைக் கேட்பதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் இரண்டு தடவையாக 15,000 கொடுத்தான். மீதியை நான் போட்டுக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கினேன். ஜாமீன் போட்ட மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: தள்ளுபடி வேண்டும் என்று கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். எழுத்தில் 'முழுமையாக முடிந்தது' என்று வருமா என்று முதலில் கேளுங்கள்.

சான்றிதழ் வந்தும் அறிக்கை மாறவில்லை. கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் போட்டேன். புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். இதுவும் ரிசர்வ் வங்கி விதி. எனக்கு 26-ஆம் நாள் மாறிவிட்டது, நூறு ரூபாய்க்கு வாய்ப்பில்லை! மாறாதவர்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. "பணம் கொடுங்க, சிபிலை ஏத்தித் தர்றோம்" என்று வரும் விளம்பரங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். உண்மையாக நடந்த தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. தவறாக ஏறியதைத் திருத்த நமக்கே உரிமை இருக்கிறது, அது இலவசம்.

இளைஞர்களுக்கு ஒன்று. கடனே வாங்காததால் ஸ்கோர் இல்லாமலிருப்பது வேறு, கெட்ட ஸ்கோர் வேறு. முதல் தடவை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

எனக்கு எட்டு மாதம் ஆனது. ஸ்கோர் 700-ஐத் தாண்டியதும் அதே மேலாளரிடம் போனேன். புதுக் கார் இல்லை. நாலு வருடம் ஓடிய வண்டி, பாதிப் பணம் கையிலிருந்து. கீழே மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறதே, அதுதான். மதுரையிலிருந்து வரும்போது வீட்டுக்காரம்மா பின்சீட்டில் படுத்துக்கொண்டு வருகிறார்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். பான் கார்டும் போனும் கொண்டு வாருங்கள், அறிக்கையை எடுத்துச் சேர்ந்து படிப்போம். ஓ.டி.பி.யை நீங்களே போடுங்கள். என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.