காய்ச்சல் தணிந்தபின் நமது கடமை

(ஊத்துக்கோட்டைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



குழந்தை பிழைத்து ஆஸ்பத்திரியினின்றும் வீடு வந்துவிட்டால் ஆபத்து நீங்கிற்றென்று நாம் கருதுகின்றோம். அக்கருத்து முற்றும் சரியன்றென்பதை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

நம் சங்கத்துக் குடும்பமொன்றில் மூன்று வயதுச் சிறுவனுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. பல நாட் சிகிச்சையின் பின் பிழைத்தான். நாமெல்லோரும் மகிழ்ந்து, சுருட்டப்பள்ளிக்கு உடன்சென்று பிரார்த்தனை செலுத்தி மீண்டோம். அதன்பின் அப்பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை; கற்றிருந்த சொற்களும் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. பிடிவாதமென்று பெரியோராகிய நாமே அதட்டினோம். ஓராண்டு கழிந்த பின்னரே செவியிரண்டும் கேளாவென்று தெரிந்தது. கேளாத பிள்ளையைக் கேட்கவில்லையென்று கடிந்த குற்றம் நம்முடையதன்றோ?

இஃது அபூர்வமன்று. பாக்டீரியாக் கிருமிகளால் வரும் மூளைக்காய்ச்சலில் பிழைத்தோருள் ஐவரில் ஒருவருக்கு நீடித்த குறை தங்குகின்றதென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. காசநோய்க் கிருமியால் மூளைக்காய்ச்சல் கண்ட 180 குழந்தைகளைக் குறித்துச் சென்னையில் நடந்த மூன்று ஆராய்ச்சிகளின் முடிவு 1986-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 27 பேர் மாண்டனர். 39 பேர் நரம்புக் குறையோடு பிழைத்தனர். 34 பேரே பூரண குணமடைந்தனர்.

உகாண்டா தேசத்தில், கிருமித்தொற்றால் ஆஸ்பத்திரி சேர்ந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து கவனித்தனர். சிகிச்சையிலிருக்கையில் இறந்தோருக்கு ஏறக்குறைய நிகரானோர், வீடு திரும்பிய ஆறு மாதத்துள் இறந்தனர். உடல் மெலிந்த குழந்தைகளுக்கே அபாயம் மிகுதி.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில. மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைக்கு, வீடு திரும்புமுன்னரோ, தவறினால் நான்கு வாரத்துள்ளோ, செவிப் பரிசோதனை செய்விக்க வேண்டும். தாமதித்தால் உட்செவி எலும்பாக இறுகிச் செவிக்கருவி பொருத்துதலும் கடினமாகும். மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்துப் போஷாக்கான உணவளிக்க வேண்டும். மறுபடி காய்ச்சலோ, மூச்சிரைப்போ, பாலுண்ண மறுப்போ, அயர்ந்த தூக்கமோ கண்டால் விடியட்டுமென்று காத்திராது உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். உட்காருதல், நடத்தல், பேசுதல் இவற்றில் பின்னடைவு தோன்றினால், வயது ஏற ஏறச் சரியாகுமென்று வாளாவிருத்தல் தகாது.

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் நாட்கூலிக்கு உழைப்போர் மறுபரிசோதனைக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். அலட்சியத்தால் மாத்திரமன்று, இவ்வில்லாமையாலும் பலர் நின்றுவிடுகின்றனர். சங்க நிதியினின்றும் அவர்தம் பஸ் கட்டணத்தையும் ஒருநாட் கூலியையும் அளிப்போமாக. தெருவுக்கொருவர் அக்குழந்தைகளை மாதமொருமுறை கண்டு வருவாராக. நோய் குலம் பார்த்து வருவதில்லை; நம் உதவியும் தெருவெல்லையில் நிற்க வேண்டா.

அச்சிறுவன் இன்று சைகையாற் பேசக் கற்கின்றான். அவன் இழந்த ஓராண்டை நம்மால் மீட்டுத்தர இயலாது. அடுத்த குழந்தைக்கு அது நேராமற் காக்க இயலும். இதுவே எமது விண்ணப்பம்.