விண்கலத்தில் ஒலிக்கும் எளியோர் வானொலி



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. சிலம்பையும் குறளையும் எடுத்துரைக்க இவ்வவையில் வல்லார் பலர் உளர். ஆதலின் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். விண்கலத்தில் உறையும் மனிதரோடு மண்ணில் வாழும் எளியோர் உரையாடும் வானொலியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

ஹாம் வானொலி என்று உலகெங்கும் வழங்கும் இதனைத் தன்னார்வ வானொலி எனலாம். இதில் ஊதியம் இல்லை, வாணிகம் இல்லை. அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்றவர்கள், தம் வீட்டிலிருந்தே ஒலிபரப்பி ஒருவரோடொருவர் உரையாடுவர். வேலையற்றோர் விளையாட்டு என்று சிலர் நகைப்பதுண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஊமையானபோது, போர்ட் பிளேயரிலிருந்து செய்தி சுமந்தோர் இவ்விளையாட்டுக்காரர்களே என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்வோம்.

1984 ஏப்ரல் திங்களில் ராகேஷ் சர்மா சோவியத்து நாட்டின் சல்யூத் நிலையத்தில் இருந்தார். தலைமை அமைச்சர் இந்திரா காந்தி அவரோடு உரையாடினார். நாடே அதனைக் கேட்டு மகிழ்ந்தது. ஆனால், கேட்டதோடு சரி! அரசின் அலைவரிசையில் அரசே பேசும். அது முறையும் கூட. குடிமகன் ஒருவன், பள்ளிச் சிறுமி ஒருத்தி, விண்வெளி வீரரிடம் ஒரு கேள்வி கேட்க வழியுண்டா என்பதே எம் வினா.

வழியை அதற்கு முந்திய ஆண்டே ஒருவர் திறந்துவிட்டார். அவர் ஓவன் கேரியட் என்னும் அமெரிக்கர். இளமை முதலே ஹாம் வானொலியில் ஈடுபாடு கொண்டவர். 1983 நவம்பர் 28-இல் கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிச் சென்றபோது, கையடக்கமான வானொலிக் கருவி ஒன்றையும் உடன்கொண்டு சென்றார். ஓய்வு கிடைத்த நேரங்களில், பலகணியருகே அலைவாங்கியைப் பொருத்தி, கேட்போர் எவராயினும் மறுமொழி தருக என்று அழைத்தார். அழைப்புக்கு விடையிறுத்தோருள் ஜோர்தான் நாட்டு மன்னர் உசேனும் ஒருவர். மன்னரும் அங்கே மன்னராகப் பேசவில்லை. தம் அழைப்புக்குறியைச் சொல்லியே பேசினார். கேரியட்டின் மைந்தர் ரிச்சர்டும் 2008-இல் விண்வெளி சென்று, தந்தை வழியிலேயே ஹாம் வானொலியில் உரையாடினார்.

இனி, இவ்வெல்லைப்புறத்து மக்களாகிய நாம் சிறப்பாக அறிய வேண்டிய ஒருவர் செர்கேய் கிரிக்கால்யோவ். 1991 மே 18-இல் அவர் மீர் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டபோது சோவியத்து ஒன்றியம் என்றொரு நாடு இருந்தது. 1992 மார்ச் 25-இல் அவர் தரையிறங்கியபோது அந்நாடு உலகப் படத்தில் இல்லை. அவர் புறப்பட்ட ஏவுதளம் கசகஸ்தான் என்னும் வேறொரு நாட்டினுடையதாயிருந்தது! ஏறத்தாழப் பத்துத் திங்கள் விண்ணில் இருந்த அம்மனிதர், ஓய்வு நேரங்களில் ஹாம் வானொலியைத் திறந்து, கீழே எந்தெந்த நாட்டிலோ இருந்த முன்பின் அறியாத மனிதரோடு அளவளாவினார். நாடு கலைந்துகொண்டிருந்த நாட்களில் அவருக்கு நண்பராய் வாய்த்தவர் அவர்கள்.

இக்கதை நமக்குப் புதிதன்று. சித்தூர் வட்டத்து நம் முன்னோர் கொச்சி மன்னரின் குடிகளாய் இருந்தனர். 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சிக்கு உரியவராயினர். 1956 நவம்பர் முதல் நாளில் கேரளத்தவராயினர். வீடு மாறவில்லை, கிணறு மாறவில்லை, பேசும் தமிழும் மாறவில்லை. ஆட்சியின் பெயர் மட்டும் இருமுறை மாறிற்று. கோபாலபுரத்துச் சாவடியில் நின்று பார்த்தால் சாலையின் ஒரு தலைப்பு பொள்ளாச்சிக்கும் மறு தலைப்பு பாலக்காட்டுக்கும் போகிறது. இரு பக்கத்துத் தென்னையும் ஒரே காற்றில்தான் ஆடுகிறது. நம் பிள்ளைகளோ, இங்கே தமிழ்ப் பிள்ளைகள் என்றும் அங்கே கேரளத்துப் பிள்ளைகள் என்றும் பெயர் பெற்று, இரண்டு வாயில்களிலும் சற்றுத் தயங்கி நிற்கின்றனர். இது யாமறிந்த துயரம். இதை மிகுத்துச் சொல்லவில்லை.

வானொலி அலைக்குச் சாவடி இல்லை. இதனைக் கணக்கிட்டே காட்டலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அவ்வுயரத்திலிருந்து புறப்படும் அலை, சுற்றிலும் சுமார் 2,200 கிலோமீட்டர் வரை எட்டும். நிலையம் நம் தலைக்கு நேர் மேலே வரும் கணத்தில், கொழும்பில் இருப்பவனும் தில்லியில் இருப்பவனும் போர்ட் பிளேயரில் இருப்பவனும் கோபாலபுரத்தானும் ஒரே குரலைக் கேட்பர். நிலையம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் விரைவில் ஓடுவதால், ஓரிடத்தார்க்கு அது செவிப்படுவது ஒரு முறைக்குப் பத்து நிமிடங்களே. குரல் வருவது 145.800 மெகாஹெர்ட்சில். பொள்ளாச்சிப் பாதையில் புகைவண்டி நெருங்கும்போது ஊதலொலி கூர்மையாகவும் அகலும்போது தணிந்தும் கேட்பதை அறிவீர்கள். அதுபோலவே இவ்வலையும் வரும்போது மூன்று கிலோஹெர்ட்சுக்குச் சற்று மேல் உயர்ந்தும் போகும்போது அவ்வளவே தாழ்ந்தும் இருக்கும். பெரிய கோபுரம் வேண்டுமோ என அஞ்ச வேண்டா. இவ்வலையின் நீளம் இரண்டு மீட்டரை ஒட்டியது; அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டர்க் கம்பியே, கேட்பதற்குரிய அலைவாங்கியாகப் பயன்படும்.

இந்நிலையத்தில் மாந்தர் குடியேறியது 2000 நவம்பரில். அத்திங்களிலேயே அங்கு ஹாம் வானொலி ஒலித்தது; டிசம்பர் 21-இல் அமெரிக்கப் பள்ளி ஒன்றின் மாணவர் முதன்முதலாக வீரரோடு பேசினர். அதற்குப்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் பேசிவிட்டன. ஆரிஸ் என்னும் பன்னாட்டுத் தன்னார்வ அமைப்பு இதனை நடத்துகிறது. பள்ளியிடம் போதிய கருவி இல்லையெனில், வேறு நாட்டு நிலையம் ஒன்று குரலைப் பிடித்துத் தொலைபேசி வழியே பள்ளிக்குக் கொணர்ந்து தரும் ஏற்பாடும் உண்டு.

2025 ஜூன் 25-இல் சுபான்ஷு சுக்லா புறப்பட்டு, இந்நிலையத்தை அடைந்த முதல் இந்தியர் ஆனார். ஜூலை 4-இல் பெங்களூரில் யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடிய மாணவரோடு அவர் ஹாம் வானொலி வழியே உரையாடினார். ஜூலை 8-இல் ஷில்லாங்கை அடுத்த விண்வெளி மையத்தில் மேகாலய, அசாம் மாணவர் பேசினர். வடகிழக்கு மலைநாட்டுச் சிறார்க்கு வாய்த்தது நம்மவர்க்கு ஏன் வாய்க்கலாகாது? அப்பயணத்தில் சுக்லாவுக்கு மாற்று வீரராகப் பயிற்சி பெற்றிருந்தவர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். இதே சித்தூர் வட்டத்து நென்மாறையைச் சேர்ந்தவர். ககன்யான் பயணத்துக்கென 2024 பிப்ரவரி 27-இல் அறிவிக்கப்பட்ட நால்வருள் ஒருவர். அந்நால்வருள் அஜித் கிருஷ்ணன் சென்னையிற் பிறந்தவர். எல்லையின் இரு பக்கத்துக்கும் ஆளுக்கொருவர் என்று கொள்க! மலையாளத்தில் கேட்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தமிழில் கேட்கவும் தெரியும்.

எனவே யாம் கேட்பது சிறிது. நம் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியருள் இருவரேனும் ஹாம் வானொலித் தேர்வு எழுத முன்வருக. பன்னிரண்டு வயது நிரம்பிய மாணவரும் எழுதலாம். தொடக்கநிலைச் சான்றுக்குத் தந்திக்குறி கற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தேர்வுக்கான பாடங்களை ஞாயிறு தோறும் மாலையில் கற்பிக்க ஓரிடமும், அலைவாங்கி நிறுத்த மாடியில் ஒரு மூலையும் சங்கம் ஒதுக்கித் தருமாறு ஆட்சிக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். ஆரிஸ் அமைப்புக்கு விண்ணப்பம் எழுதும் பணியைப் பள்ளித் தலைமையாசிரியர்களோடு கலந்து யாமே ஏற்கிறோம். பத்து நிமிடத்தில் கேட்டு முடிக்கத்தக்க கேள்விகளை மாணவர் இப்போதிருந்தே எழுதத் தொடங்கட்டும்.