தறிக்கூடமும் காற்றாலையும்



முறைசாராத் தொழில், நிதித்துறை வளர்ச்சி, கரியமில வாயு. இந்த மூன்றையும் சேர்த்துப் பேசும் இந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குச் சங்கரன்கோவிலைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பாராட்டுகிறேன். ஊருக்கு வருகிறவர்கள் கோமதியம்மனைப் பார்ப்பார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள். விசைத்தறிக் கூடத்துக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. இன்றைக்கு நமக்கு வேலை அங்கேதான்.

இந்தப் பொருளில் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. வருமானம் ஏறும்போது சில மாசுகள் முதலில் கூடிப் பிறகு குறைகின்றன என்று கிராஸ்மனும் குரூகரும் 1991-ல் எழுதியதிலிருந்து, அந்தக் கவிழ்ந்த கிண்ண வளைவைத் தேடாத நாடு இல்லை. பிறகு நிதித்துறையைச் சேர்த்தார்கள். அண்மையில் முறைசாராத் துறையையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு தரவுத் தொகுப்பில் கடன் கூடினால் கரி கூடுகிறது, இன்னொன்றில் குறைகிறது. கூடினால், கடனில் பைக் வாங்கினார்கள் என்கிறோம். குறைந்தால், நல்ல இயந்திரம் வாங்கினார்கள் என்கிறோம். எந்த விடை வந்தாலும் விளக்கம் கையில் தயாராக இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தனியார் கடன் நாட்டு வருமானத்தில் எத்தனை விழுக்காடு என்ற ஒற்றை எண்ணில், அந்தக் கடன் யாருக்கு, எதற்காக, எத்தனை ஆண்டுக்குக் கிடைத்தது என்பது தெரியாது. என் உரை முழுவதும் அந்தக் கேள்விகளைப் பற்றித்தான்.

முதலில் கணக்குக்குள் வராதவர்களைப் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்றிருந்தது. நாலு தறி, ஆறு தறி போட்டு வீட்டை ஒட்டிய கொட்டகையில் கூலிக்கு நெய்பவர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார். தொழிற்சாலைகளுக்கான ஆண்டு ஆய்வில் அவர் இல்லை. 2023-24-ல் நடந்த மத்திய அரசின் கணக்கெடுப்பு, கம்பெனியாகப் பதியாத வேளாண்மை சாரா நிறுவனங்கள் 7.34 கோடி என்றும், அவற்றில் வேலை செய்வோர் 12 கோடிக்கு மேல் என்றும் சொல்கிறது. இவ்வளவு பேரையும் 'நிழல் பொருளாதாரம்' என்று கடத்தல்காரர்களோடு ஒரே பத்தியில் வைக்கும் ஆய்வுகளை நான் நம்புவதில்லை. தறிக்காரருக்கு மின் இணைப்பு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, கூலி ஒப்பந்தம் இருக்கிறது. இல்லாதது வங்கி கேட்கும் வரவு செலவு அறிக்கை மட்டும்தான்.

அந்த அறிக்கை இல்லாததன் விலை என்ன என்பதற்குச் சாட்சி இந்த ஊருக்கு வெளியே சுழன்றுகொண்டிருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றை நம்பித் தேவர்குளம், கயத்தாறு, சுரண்டைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் எழுந்தன. அவற்றை நட்டது காற்று மட்டுமல்ல, வருமான வரிச் சட்டமும்தான். 1990-களில், காற்றாலை வாங்கிய கம்பெனி அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. பின்னர் அது 80 விழுக்காடாகி, 2012-ல் நின்று, 2014-ல் திரும்பி வந்து, 2017 முதல் 40 விழுக்காடானது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்குக் கடன் தர மத்திய அரசு 1987-ல் தொடங்கிய 'இரெடா' நிறுவனம் நீண்டகாலக் கடன் கொடுத்தது. லாபமும் ஆடிட்டரும் உள்ள நூல் மில்கள் காற்றாலைக்காரர்கள் ஆயின. ஆடியில் மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாசியில் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதியும் அவர்களுக்குக் கிடைத்தது. மின்சாரத்துக்கே பாஸ்புக் போட்டுக் கொடுத்த மாதிரி!

அந்த மில் நூற்ற நூலைக் கூலிக்கு நெய்கிறவருக்கு என்ன கிடைத்தது? வரி கட்டும் அளவு லாபம் இல்லாதவருக்குத் தேய்மானச் சலுகையால் பயனில்லை. அவருக்கு அரசு வேறு வழியில் கைகொடுத்தது. 2006-ல் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் இலவசம், 2016-ல் 750, 2023-ல் 1000. இதைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்தச் சலுகை இல்லாவிட்டால் பல தறிகள் என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 6000 யூனிட். இந்திய மின்கட்டமைப்பின் சராசரிப்படி ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றால், ஓர் இணைப்பின் இலவசப் பங்கு மட்டும் 4 டன்னுக்கு மேல். புகை இங்கே தெரியாது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் வெளியேறிவிடுகிறது.

2017-ல் மத்திய அரசு 'பவர்டெக்ஸ் இந்தியா' திட்டத்தில் சிறு தறிக்கூடங்களுக்குச் சோலார் போட மானியம் அறிவித்தது. பொதுப் பிரிவினருக்கு விலையில் பாதி. மீதிப் பாதிக்குக் கடன் வேண்டியிருந்தது. கடனுக்குப் பத்திரம் வேண்டியிருந்தது. கொட்டகை வாடகையாகவோ பங்காளிகளின் கூட்டுப் பட்டாவிலோ இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதையும் தாண்டியிருந்தால், இலவச மின்சாரம் வரும்போது சோலாரால் மிச்சமாவது எவ்வளவு என்று தறிக்காரரின் மனைவி கேட்டிருப்பார். நியாயமான கேள்வி.

தறிக்காரருக்குக் கடனே கிடைக்காமலில்லை. நகைக் கடன், குழுக் கடன், தண்டல், நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யவைக்கும் மாஸ்டர் வீவர் தரும் முன்பணம் எல்லாம் உண்டு. எல்லாமே குறுகிய காலப் பணம். நகைக் கடனை வழக்கமாக ஓர் ஆண்டுக்குள் அடைத்தாக வேண்டும். சோலார் தகட்டின் ஆயுள் 25 ஆண்டு. வாராவாரம் தவணை கட்ட வேண்டியவர், தறியை இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டித்தான் கட்டுவார். பணம் ஊருக்குள் பெருகுகிறது, கரியும் பெருகுகிறது, தறி அதே தறி. நிதித்துறை வளர்ச்சி கரியைக் குறைக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: தவணைக் காலத்தை முதலில் சொல்லுங்கள்.

இதற்காக எல்லாரையும் பதிவு செய்து வரிவளையத்துக்குள் இழுத்துவிட்டால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பதிவுச் சான்றிதழால் தறி மாறாது. தனித்தனியாகக் கடன் வாங்க முடியாத தறிக்காரர்கள் ஐம்பது பேர் சேர்ந்து ஒரு காற்றாலையில் பங்கு வாங்க ஏன் முடியாது, சட்டத்தில் எந்தப் பிரிவு தடுக்கிறது, இலவச யூனிட்டுக்கு அரசு செலவிடும் தொகையில் ஒரு பகுதியை அந்தப் பங்குக்கு முதலாக்க முடியுமா என்று இரண்டு நாளும் பேசுங்கள். கட்டுரை படிக்கிறவர்கள் பின்னடைவுச் சமன்பாட்டைத் திரையில் காட்டி முடித்ததும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தறிக்காரர்களிடம் மைக்கைக் கொடுக்க வேண்டும் என்று அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வு, தறிக்கூட மின்கணக்கு பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.