பத்மாவும் பலாஷும்

கொல்கத்தாவின் தென்பகுதியில் லேக் கார்டன்ஸ் என்னும் குடியிருப்பில் வாழும் நாம், அலுவல் நிமித்தம் ஹூக்ளி நதிக்கரைக்குச் செல்லும்போது துறைமுகத்தின் சிறு கலங்களைக் காண்கிறோம். பெரிய கப்பல்களுக்கு ஏவல் செய்வதே அவற்றின் தொழில். அத்தகைய இரு கலங்கள் போர்முனைக்குச் சென்ற வரலாற்றை இன்று கூற விழைகிறோம்.

1971-ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் விடுதலைப் போர் மூண்டது. விடுதலைப் படையினரிடம் பயிற்சி பெற்ற மாலுமிகள் இருந்தனர், கப்பல்தான் இல்லை. கல்கத்தா போர்ட் டிரஸ்டைச் சேர்ந்த இரு கலங்கள் அவர்களுக்கு அளிக்கப்பெற்றன. ஒன்றின் பெயர் பத்மா. அது வங்கத்தின் பேராறு. மற்றொன்று பலாஷ், நம் புரசைவாக்கத்திற்குப் பெயர் தந்த புரச மரமே அது. தளத்தில் 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிகள் பொருத்தப்பட்டன. ஆழமற்ற ஆற்றுவழிகளில் பெரும் போர்க்கப்பல்கள் நுழைய இயலா. இச்சிறு கலங்களோ எளிதில் சென்றன. நவம்பர் மாதத்திலேயே மோங்லா துறைமுகத்தின் நுழைவழியில் கண்ணிவெடிகளை இட்டுத் திரும்பின.

டிசம்பர் 10-ஆம் நாள், இந்தியக் கடற்படையின் பன்வேல் என்னும் ரோந்துப் படகுடன் இரண்டும் குல்னாவை நெருங்கின. அப்போது வானில் தோன்றியவை இந்திய விமானங்களே. கலங்களின் மேற்பகுதியில் மஞ்சள் அடையாளம் இருந்தும், பகைக் கலங்கள் எனக் கருதி அவை தாக்கின. பத்மாவும் பலாஷும் அழிந்தன. நீரில் குதித்தோரைப் பன்வேல் மீட்டது.

பலாஷின் இயந்திர அறைப் பொறுப்பாளர் ருஹுல் அமீன். பாகிஸ்தான் கடற்படையை விட்டு விலகி விடுதலைப் படையில் சேர்ந்தவர் அவர். கலத்தைக் கைவிடுமாறு ஆணை பிறந்த பின்னும், இயந்திரத்தைக் காக்க முயன்று அங்கேயே நின்றார். பின்னர், காயத்துடன் கரையேறிய அவரை ரஜாக்கர்கள் கொன்றனர். வங்கதேசம் தன் மிக உயர்ந்த வீரப் பட்டமாகிய பீர் ஸ்ரேஷ்டோவை அவருக்குச் சூட்டியது. அதைப் பெற்றவர் எழுவரே. ரூப்சா நதிக்கரையில் அவரது கல்லறை உள்ளது.

அப்போரில் ஈடுபட்ட விக்ராந்தை நாடறியும். பத்மாவையும் பலாஷையும் அறிந்தோர் சிலரே. வெற்றியைக் கொண்டாடுவது எளிது. தன்னவர் கையாலேயே நேர்ந்த இழப்பைப் பேசுவது அரிது. ஆயினும், பகைவர் குண்டு அன்று என்பதனால் அம்மாலுமிகளின் ஈகம் குறைந்துவிடாது. பிறந்த ஊரை விட்டு வந்து, பெயர் வெளிப்படாப் பணிகளில் உழைக்கும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர்களின் பெயர்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக.