கடலைக் கண்காணித்தலும் கரைக்குச் சொல்லுதலும்

(பாடசாலையின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருந்தார். கடலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "சண்டிலிப்பாயில கடல் எங்கயடி கிடக்கு?" என்று சிரித்தார். எங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் மாதகல் இருக்கிறது. எங்கள் ஊரைக் கடந்து போகும் வழுக்கியாறு அராலியில் கடலோடு சேர்கிறது. மாதகலிலிருந்து வந்து எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். கடல் எமக்குத் தூரமில்லை.

1990களின் முற்பகுதி என் வயதினருக்கு நன்றாக நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ வேலை செய்யும். செய்தி முடிந்ததும் வானிலை அறிக்கை வரும். காங்கேசன்துறை, மன்னார், திருகோணமலை என்று கடற்பரப்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார்கள். எனக்கு அது பெரிய அலுப்பு. ஆனால் மறுநாட் காலை மீன் கொண்டு வருபவர் எங்கள் படலையில் நின்று, "மாஸ்ரர், காத்து எப்பிடியாம்?" என்று கேட்பார். அப்பா சொல்வதைக் கேட்டுவிட்டு, "ஓம், வாடை கடுமையாத்தான் கிடக்கு" என்று தன் கணிப்பையும் சேர்த்துக்கொண்டு போவார்.

கடலைக் கவனித்தவர் எங்கோ இருந்தார். அதைச் சொல்ல ஒரு வானொலி இருந்தது. கேட்டுச் சொல்ல அப்பா இருந்தார். நம்பிக் கேட்க மீன்காரர் இருந்தார். இந்தச் சங்கிலியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

வைத்தியசாலை விடுதியில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு அட்டை தொங்கும். நாடித்துடிப்பு, உடல் வெப்பம், இரத்த அழுத்தம், சுவாசம் ஆகியவற்றைத் தாதியர் நேரந்தவறாமல் அதில் குறிக்கிறார்கள். ஒரு தடவை எடுத்த அளவு பெரிதாக ஒன்றும் சொல்லாது. காலையில் 84 ஆக இருந்த நாடி மத்தியானம் 98, மாலையில் 116 என்று ஏறும்போதுதான் நோயாளி ஆபத்தை நோக்கிப் போகிறார் என்று விளங்கும். நல்லாக இருக்கிறார் என்று நினைத்து ஒரு இரவு குறிக்காமல் விட்டால், அந்த இரவே வினையாகிவிடலாம்.

கடலுக்கும் இன்று அப்படி ஒரு அட்டை இருக்கிறது. 'ஆர்கோ' என்ற சர்வதேசத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4,000 மிதவைகள் உலகச் சமுத்திரங்களில் அலைந்து திரிகின்றன. ஒவ்வொன்றும் 10 நாளுக்கு ஒரு தடவை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து மேலே ஏறி, வழிநெடுக எடுத்த வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் செய்மதி மூலம் அனுப்பிவிட்டு மீண்டும் அமிழ்ந்துவிடும். செய்மதிகள் கடல்மட்டத்தின் உயரத்தையும் கடல்மேற் காற்றையும் அளக்கின்றன. கடலடியில் வைத்த அழுத்தமானிகள் மேலே போகும் ஆழிப்பேரலையை உணர்கின்றன. இவற்றையெல்லாம் கணினி மாதிரிகளில் இட்டு, அடுத்து வரும் நாட்களின் அலை, நீரோட்டம், காற்று ஆகியவற்றை எதிர்வுகூறுகிறார்கள். ஆராய்ச்சி என்றால் ஒரு கட்டுரையோடு முடிந்துவிடும். சேவை என்றால் நாளைக்கும் செய்யவேண்டும், பெருநாளிலும் செய்யவேண்டும், ஒருவரும் கேளாத நாளிலும் செய்யவேண்டும்.

குளிர்நாடுகளில் வாழும் எம் சகோதரிகளுக்கு இதன் இன்னொரு முகம் தெரிந்திருக்கும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி 1,500 பேர் அளவில் இறந்தார்கள். அன்று முழுவதும் வேறு கப்பல்கள் பனிக்கட்டி பற்றிக் கம்பியில்லாத் தந்தி அனுப்பிக்கொண்டிருந்தன. அவற்றுள் சில, கப்பலைச் செலுத்தியவர்களின் கையைச் சென்றடையவில்லை. அந்த அழிவின் பின் தொடங்கிய சர்வதேசப் பனிப்பாறைக் கண்காணிப்பு இன்றும் நியூபவுண்ட்லாந்துக் கடலில் நடக்கிறது. 1986 ஆகஸ்டில் எம்மவர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து, மீனவர்களால் மீட்கப்பட்டதும் அதே நியூபவுண்ட்லாந்துக் கரையோரந்தான். நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலைகளில் உழைத்த எம்மவரின் கடலுக்கு, துரொம்சோ நகரிலிருந்து நோர்வே வானிலை நிலையம் கடற்பனி வரைபடங்களை ஒழுங்காக வெளியிடுகிறது. முகிலையும் துருவத்தின் நீண்ட இரவையும் ஊடுருவிப் பார்க்கும் நுண்ணலைச் செய்மதிகள் 1970களின் இறுதியிலிருந்து அந்தப் பனியைக் கண்காணிக்கின்றன.

இனி, எனக்குச் சொல்லக் கடினமான ஒன்றைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், பௌர்ணமி விடுமுறை. நான் அப்போது மருத்துவ மாணவி. வடமராட்சியில் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்த இடத்தில் கைகொடுக்கப் போயிருந்தேன். ஒரு அம்மா கையில் கட்டுப் போட விடாமல் என்னைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, இது வரப்போகுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாதே?" என்று கேட்டார். "ஓம் அம்மா, ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். அவரை ஆறுதற்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன்.

அந்தப் பதில் பிழை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர். 15 நிமிடத்தில் ஹவாயில் இருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் அந்த அதிர்வு பற்றி முதல் அறிவித்தலை வெளியிட்டுவிட்டது. அதன் பொறுப்பு பசுபிக் சமுத்திரம். இந்து சமுத்திரத்துக்கு அப்படி ஒரு வலையமைப்பு இருக்கவில்லை. அலை எங்கள் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பத்து நிமிட நடை போதுமாயிருந்த இடங்களிலும் சனம் மாண்டது. இலங்கையில் ஏறத்தாழ 35,000 உயிர்கள் போயின.

அதே காலை புதுச்சேரியில் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் நடந்தது வேறு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் அமைத்து, ஒலிபெருக்கியும் வைத்திருந்தது. அங்கே முன்னர் தொண்டராக இருந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். ஊரவர்கள் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகள் பல அழிந்தன. அங்கிருந்த 3,600 பேர் அளவிலானோரில் ஒருவரும் உயிரிழக்கவில்லை என்று பதிவாகியுள்ளது. அயலிலுள்ள வீராம்பட்டினத்தில் இப்படியொரு மையம், அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, சுனாமிக்குப் பல வருடம் முன்பிருந்தே ஒலிபெருக்கியில் வாசித்து வந்தது. ஒவ்வொரு நாளும் கேட்டுப் பழகிய குரலைத்தான் சனம் அவசரத்தில் நம்பும்.

பின்னர் எத்தனையோ சீர்ப்பட்டுவிட்டன. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை நிலையம் தொடங்கியது. இன்று இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் இந்து சமுத்திர நாடுகளுக்கெல்லாம் தகவல் வழங்குகின்றன. எங்கள் நாட்டில் வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதைப் பொறுப்பேற்றுக் கிராம அலுவலர் வரை கொண்டுபோகின்றன. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது கரையோரச் சனம் வெளியேறியது. பெரிய அலை வரவில்லை. "சும்மா ஓட வைச்சிட்டாங்கள்" என்று சிலர் முணுமுணுத்தார்கள். மார்பில் கட்டி என்று வரும் பெண்ணுக்குச் சோதனை செய்து, புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தால், அந்தச் சோதனையை வீண் என்று யாராவது சொல்வார்களா? வராத அலைக்கு ஓடியவர்கள்தான் வரும் அலைக்கும் ஓடுவார்கள்.

சுனாமி எப்போதோ வருவது. காற்றும் மழையும் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன. 2008 நவம்பரில் 'நிஷா' புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 390 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டியது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல், காற்று எழுந்தால் அங்கே அலை விரைவில் கிளம்பும். அறிக்கையில் "அலை உயரம் 2 மீற்றர்" என்று வரும்போது அதன் பொருள் எத்தனை பேருக்குத் தெரியும்? உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிதான் அது. இடையிடையே அதைப்போல இரண்டு மடங்கு அலையும் எழலாம். இந்த மண்டபக் கதவைப் போல இரண்டு கதவு உயரம் என்று சொன்னால், படகில் போகும் தந்தைக்கு மகள் வீட்டில் எடுத்துச் சொல்லிவிடுவாள்.

ஆகவே சங்கத்திடம் இரண்டு சிறிய வேண்டுகோள்கள். நூற்றாண்டு நிதியில் ஒரு மழைமானி வாங்கி முற்றத்தில் வையுங்கள். காலை 8.30 மணிக்கு ஒரு மாணவி அளந்து கொப்பியில் எழுதட்டும். விடுமுறையிலும் எழுதவேண்டும், மழை இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதவேண்டும். இரண்டாவது, ஒரு கரும்பலகை. அன்றைய காற்று, அலை, மழை பற்றிய அறிக்கையைத் தெளிந்த தமிழில் அதில் எழுதிக் காலைப் பிரார்த்தனையின்போது வாசியுங்கள். வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, சிங்கப்பூரிலிருந்து வந்த அந்த ஒரு தொலைபேசி அழைப்பை நினைவில் வைத்திருங்கள்.

1995 இடப்பெயர்வில் எங்கள் வகுப்பாசிரியை வரவுப் பதிவேட்டைத் தன் பையில் எடுத்துக்கொண்டு போனார். தென்மராட்சியில் ஒரு மரத்தடியில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் அடையாளம் இட்டார். அந்த நிலையிலும் அது ஏன் என்று அன்று விளங்கவில்லை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒவ்வொரு நாளும் பார்ப்பதுதான் பராமரிப்பு என்பது வைத்தியராகிய பின்தான் விளங்கியது.

அந்த அம்மாவை நான் பிறகு காணவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் யாரிடமாவது அதே கேள்வியைக் கேட்டால், "தெரியும், முன்னமே சொல்லிப்போட்டம்" என்று பதில் கிடைக்கவேண்டும்.